ஆங்கில வகுப்பில் வாய் திறக்காத குழந்தை

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ஆங்கில நோட்டைக் கொண்டுவந்தாள். அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. நான்கு கோடுகளுக்குள் ஓர் எழுத்தும் பிசகவில்லை. பக்கந்தோறும் சிவப்பு மையில் ‘சரி’ குறி. ஒரு பக்கத்தில் ‘மை ஃபாதர் இஸ் எ டாக்டர்’ என்று ஐந்து முறை எழுதியிருந்தாள். அவளுடைய தந்தை செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். படித்துக் காட்டச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பொருள் என்று கேட்டோம். “தெரியாதுண்ணா. போர்டுல இருந்துச்சு, எழுதுனேன்” என்றாள்.

அன்று வந்திருந்த அதே வகுப்புப் பிள்ளைகள் அனைவரின் நோட்டிலும் அதே வாக்கியம் இருந்தது. ஒரு வகுப்பே மருத்துவரின் பிள்ளைகளாகிவிட்டிருந்தது. அந்தச் சிறுமி நான்கு ஆண்டுகளாக ஆங்கிலம் ‘படிக்கிறாள்’. ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்புக்குச் சென்றிருக்கிறாள். மொழி மட்டும் அவளிடம் வந்து சேரவில்லை.

வழக்கறிஞர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வன்கொடுமை வழக்கொன்றில் முதல் தகவல் அறிக்கை தமிழில் இருக்கும். பாதிக்கப்பட்டவர்கள் அதைத் தாங்களே படித்துச் சரிபார்ப்பார்கள். அதே வழக்கு பிணை மனுவாக உயர்நீதிமன்றத்துக்குப் போனதும் மொழி மாறிவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழையும் அங்கு வழக்கு மொழியாக்க வேண்டும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியும் அது நடைமுறைக்கு வரவில்லை. எதிரிக்குப் பிணை கிடைத்த உத்தரவு கைப்பேசியில் வந்து சேர்கிறது. வீட்டில் ஒருவருக்கும் அதைப் படிக்க இயலவில்லை. ஊருக்குள் யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது என்று தயங்கி நிற்கிறார்கள். ஊர்த் தெருவில் ஆங்கிலம் தெரிந்தவர் எதிரியின் உறவினராக இருப்பார். இந்தத் தயக்கத்தைக் கண்ட பிறகுதான் நாங்கள் மாலை வகுப்பில் ஆங்கிலத்தைச் சேர்த்தோம். தமிழை உயர்நீதிமன்றத்தில் ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விட்டுவிடவில்லை. அது நிறைவேறும் வரை சேரிப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் நிலை.

ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலத்தை நாடிய வரலாறு நீண்டது. 1854இல் வெளியான தம் கவிதைத் தொகுப்பில் சாவித்திரிபாய் புலே ஆங்கிலக் கல்வியைப் போற்றிப் பாடினார். அண்ணல் அம்பேத்கருக்குப் பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் பயின்றார். எந்த மொழியை யார் படிக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், சாதி உரிமை கோர முடியாத மொழியாக ஆங்கிலம் வந்து நின்றது. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியபோதும் இந்தத் தேவை இருந்தது. 2010இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் உள்ள பாங்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் முன்னின்று ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட முனைந்தார். அச்சிலை ஒரு கையில் எழுதுகோல் ஏந்திக் கணினியின் மேல் நிற்கிறது. கோயில் கட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடியவர்கள் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்று கேட்பதில் உடன்பாடு உண்டு.

வழி மொழியும் பாட மொழியும்

இங்கு ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் கற்பது வேறு. ஆங்கில வழியில் கற்பது வேறு. 2012–13 கல்வியாண்டு முதல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட இயலாத பெற்றோர் அவற்றை நம்பிச் சேர்த்தனர். அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. 2014ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கர்நாடக அரசுக்கு எதிரான வழக்கில், தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்த இயலாது என்றும், வழி மொழியைத் தேர்வது கருத்துரிமையின் ஒரு பகுதி என்றும் தீர்ப்பளித்தது. தேர்வு பெற்றோருடையது. ஆனால் தேர்வு செய்பவருக்கு இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, கல்வியியல் சார்ந்தது. ஒரு மொழியில் ஆழமாகப் படிக்கக் கற்ற குழந்தை அந்தத் திறனை இரண்டாம் மொழிக்கும் எடுத்துச் செல்கிறது என்பதை 1979இலேயே ஜிம் கம்மின்ஸ் என்னும் கனடிய அறிஞர் விளக்கினார். புதிய மொழியில் விளையாடவும் பேசவும் இரண்டு ஆண்டு போதும். அதே மொழியில் அறிவியலும் கணக்கும் சிந்திக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கும் என்பதும் அவருடைய ஆய்விலிருந்து பெறப்பட்டதே. அதுவும் அந்த மொழி வீதியெங்கும் ஒலிக்கும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிய கணக்கு. எங்கள் காலனியில் ஆங்கிலம் ஒலிப்பது கிரிக்கெட் வர்ணனையில் மட்டும்.

இரண்டாவது, சட்டம் சார்ந்தது. தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழ் வழியில் முடித்தால் போதாது; பள்ளிப் படிப்பு முதற்கொண்டு தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஆங்கில வழிப் பிரிவில் பெயர் எழுதும் நாளில், இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஒரு வாய்ப்பு கைநழுவுகிறது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது எந்தப் பெற்றோருக்கும் இது சொல்லப்பட்டதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் கருத்து: தொடக்க வகுப்புகளில் தமிழ் வழி, அதனுடன் இன்று கிடைப்பதைவிடப் பன்மடங்கு நல்ல ஆங்கிலப் பாடம். இக்கருத்தில் முரண்படும் தோழர்கள் உண்டு. முரண்பட்டாலும், ஆங்கிலப் பாடத்தை எப்படி நடத்துவது என்ற கேள்வி இரு தரப்புக்கும் பொதுவானது.

முதலில் தமிழில் வாயை அடைக்கிறார்கள்

ஆங்கில வகுப்பில் குழந்தை வாய் திறக்காததற்குக் காரணம் ஆங்கிலம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அந்த வாய் அதற்கு முன்பே தமிழ் வகுப்பில் அடைக்கப்பட்டிருக்கிறது. ‘வூட்டாண்ட’, ‘இட்டாந்தேன்’ என்று பேசும் குழந்தையிடம் ‘இது என்ன பேச்சு, காலனிப் பேச்சு’ என்று ஒருமுறை சொன்னால் போதும். வகுப்பு சிரிக்கும். அடுத்த முறை அந்தக் குழந்தை பேசாது. பாடநூல் தமிழும் அதற்கு ஏறக்குறைய இரண்டாம் மொழியே என்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுப் பேச்சிலிருந்து பாடநூல் தமிழுக்கு ஒரு தாவல், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு இன்னொரு தாவல். முதல் தாவலிலேயே காலில் அடிபட்ட குழந்தையை நோக்கி ‘ஏன் தாவவில்லை’ என்று கேட்கிறோம்.

அச்சம் மொழியைத் தடுக்கும் என்பது வெறும் கருணைப் பேச்சன்று. இரண்டாம் மொழிக் கற்றலை ஆராய்ந்த ஸ்டீஃபன் க்ராஷென், பதற்றமும் அவமானமும் மிகுந்த மனத்தில் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது என்றார். அவருடைய கோட்பாட்டின் பிற பகுதிகள் மீது அறிஞர்கள் நிறைய வழக்காடியிருக்கிறார்கள். இந்தப் பகுதியை மாலை வகுப்பு நடத்திய எவரும் மறுக்க மாட்டார்கள்.

வியப்பு என்னவென்றால், நம் சட்டமும் இதையே கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு பாடத்திட்டம் எப்படி அமைய வேண்டும் என்று பட்டியலிடுகிறது. செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்றல். இயன்றவரை தாய்மொழியில் கற்பித்தல். குழந்தையை அச்சத்திலிருந்தும் அதிர்ச்சியிலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்லத் துணைநிற்றல். பிரிவு 17 உடல் தண்டனையை மட்டுமன்றி மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். பட்டியல் சாதிக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்கின்றன பிரிவுகள் 8, 9. பேச்சு வழக்கைச் சொல்லி ஒரு குழந்தையை வகுப்பில் அவமதிப்பது ஒழுக்கக் குறைவு மட்டுமன்று, சட்ட மீறலும் ஆகும். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. எனினும் ‘பொதுப் பார்வையில் படும் இடம்’ என்ற நிபந்தனையைச் சுற்றி நடக்கும் வாதங்களைக் கண்டவர்கள் என்ற முறையில், பேச்சு வழக்கு சார்ந்த அவமதிப்புக்கு முதலில் பிரிவு 17ஐக் கையில் எடுங்கள் என்பதே எங்கள் யோசனை.

‘புக்கு’ என்பது பிழையா?

இனி வகுப்பறைக்குள் செல்வோம். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும், ‘புக்’ என்பதை ‘புக்கு’ என்றும், ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் சொல்லும் குழந்தையைக் கண்டு சிரிக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தை தமிழ் இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றுகிறது. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. வல்லின மெய்யில் சொல் முடியாது. யாரும் சொல்லித்தராமலே அந்த விதி அதன் நாவில் இருக்கிறது. ‘நீ தமிழ் விதிப்படி சரியாகச் சொன்னாய், இங்கிலீஷ்காரர்கள் கடைசியில் உகரம் சேர்ப்பதில்லை, கேள்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்புக்கு இடமான குழந்தை இலக்கணம் அறிந்த குழந்தையாகிவிடும்.

இன்னொரு சிக்கல் எழுத்தில் இருக்கிறது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ‘க’ என்று படித்தால் ‘க’ என்றே ஒலிக்கலாம். ஆங்கிலத்தில் பூனைக்கு ‘சீ, ஏ, டீ’ என்று எழுத்துக்கூட்டச் சொல்கிறோம். மூன்றையும் சேர்த்தால் ‘சியேட்டி’ என்றுதான் வரும். அது எப்படிப் பூனையாகும் என்று குழந்தை திகைப்பது நியாயம். ‘ஏ’ என்ற ஒரே எழுத்து ‘ஆப்பிள்’, ‘கேக்’, ‘கார்’, ‘வாட்டர்’ என்னும் நான்கு சொற்களில் நான்கு விதமாக ஒலிக்கிறது. இதைக் குழந்தைக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: ‘இந்த மொழியின் எழுத்து குறும்பு செய்யும், குறை உன்னுடையதன்று.’ எழுத்தின் பெயரைத் தள்ளிவைத்து ஒலியிலிருந்து தொடங்கும் முறை உலகெங்கும் வழக்கில் உள்ளது. எஸ், ஏ, டி, பென்சிலின் பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலியை முதலில் கற்றுக்கொடுத்தால் முதல் சில வாரங்களிலேயே ‘பின்’, ‘டின்’, ‘டேப்’, ‘ஆன்ட்’ எனப் பல சிறு சொற்களைக் குழந்தை தானே கூட்டிப் படிக்கும். இருபத்தாறு எழுத்தையும் பாட்டாக ஒப்பித்துவிட்டு ஒரு சொல்லும் படிக்க இயலாத நிலையைவிட இது மேல்.

பென்சிலின் ‘பி’க்கும் பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்ற சொல்லின் முதல் ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்து. அதனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். ‘தம்பி’ என்று சொல்லுங்கள், பிறகு ‘பிள்ளை’ என்று சொல்லுங்கள். இரண்டிலும் உள்ள ‘பி’ ஒன்றா? ‘சங்கு’ என்பதில் வரும் ‘கு’வும் ‘குடம்’ என்பதில் வரும் ‘கு’வும் ஒன்றா? இரண்டு ஒலியும் குழந்தையின் நாவில் ஏற்கனவே இருக்கின்றன. தமிழ் அவற்றுக்குத் தனி எழுத்து வைக்கவில்லை, ஆங்கிலம் வைத்திருக்கிறது, அவ்வளவே. ‘தம்பியில் வரும் பி’, ‘பிள்ளையில் வரும் பி’ என்று நாங்கள் பெயர் வைத்த நாள் முதல் அந்தக் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. தமிழை விலக்கி ஆங்கிலம் கற்பிக்க வேண்டும், வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்னும் பள்ளிகள் இந்த ஏணியைத்தான் எட்டி உதைக்கின்றன.

சொற்களுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. ஒரு மாலை, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் சொல்லச் சொன்னோம். ஒருவரும் பேசவில்லை. கிரிக்கெட்டில் வரும் சொற்களைச் சொல்லச் சொன்னோம். பவுலிங், விக்கெட், வைடு, நோபால், ரன் அவுட் என்று கூடம் அதிர்ந்தது. பிறகு பஸ், டிக்கெட், சுவிட்ச், சார்ஜர், சிக்னல், ஆஸ்பத்திரி அறையில் கேட்ட ஊசிப் பெயர்கள். கரும்பலகை நிரம்பியது. ‘இவ்வளவும் இங்கிலீஷா?’ என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆம், இவ்வளவும் நீங்கள் ஏற்கனவே வைத்திருக்கும் மூலதனம் என்றோம்.

காது, கை, பிறகு வாய்

தாய்மொழியைக் கற்ற குழந்தை ஓராண்டுக்குமேல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த பிறகே பேசத் தொடங்கியது. ஆங்கிலத்தில் மட்டும் முதல் நாளே ‘சொல்லு, சொல்லு’ என்கிறோம். தொடக்கக் காலத்தில் குழந்தை பேசாமலிருக்க அனுமதி வேண்டும். ஆனால் கேட்டதற்கு உடம்பால் விடை சொல்ல வாய்ப்பும் வேண்டும். ஜேம்ஸ் ஆஷர் என்னும் உளவியலாளர் முறைப்படுத்திய வழி இது: ஆசிரியர் கட்டளை சொல்வார், குழந்தை செய்து காட்டும். ‘ஸ்டாண்ட் அப்’, ‘டச் த வால்’, ‘கிவ் த பால் டு யுவர் ஃப்ரெண்ட்’. பத்து நிமிட ஆட்டம். ஒரு வாரத்தில் கட்டளையிடும் இடத்துக்குப் பிள்ளைகளே வந்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் வாய் திறக்காதிருந்த சிறுவன் முதலில் சொன்ன ஆங்கிலம், எங்களில் ஒருவரைப் பார்த்து ‘சிட் டவுன்’ என்பதே. அதிகாரத்தைக் கொடுத்தால் மொழி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களிடம் இல்லை.

அடுத்த படிக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் மொழியியலாளர் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகப் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு வேலைகளைக் கொடுத்தார்: ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறலாம் என்று சொல்வது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, கணக்கிட்டு முடிவு செய்வது. கவனம் விடையின் மீது இருக்கும். மொழி அந்த விடையைத் தேடும் வழியில் படியும். இவ்வாறு பணி வழியாக மொழி கற்பிக்கும் முறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. அது விளைந்த மண் நம்முடையது என்பது நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் இதை மாலை வகுப்புக்கு ஏற்ப மாற்றினோம். பேருந்து நேரப் பலகை, ரேஷன் கடை விலைப் பட்டியல், மருந்துச் சீட்டு, நூறுநாள் வேலைத் திட்ட அட்டை. ‘அம்மாவுக்கு இந்த வாரம் எத்தனை நாள் வேலை? எவ்வளவு கூலி வர வேண்டும்?’ எண்களும் கிழமைகளும் ஆங்கிலத்தில். கணக்கில் தவறு இருப்பதை ஒரு பிள்ளை கண்டுபிடித்தது. அது தனிக் கதை.

பிழை திருத்துவதைப் பற்றி ஒரு சொல். ‘ஹி கோ மார்க்கெட்’ என்று குழந்தை சொன்னால் ‘தப்பு’ என்று நிறுத்தாதீர்கள். ‘ஓ, ஹி கோஸ் டு த மார்க்கெட்? வாட் டஸ் ஹி பை?’ என்று சரியான வடிவத்தை உங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள். குழந்தை பொருளில் இருக்கும்போது இலக்கணத்தை நீட்டினால் பொருளும் போகும், இலக்கணமும் வராது. எழுத்தில் மட்டும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையைத் தேர்ந்து விளக்குங்கள்.

இனி அந்த மருத்துவர் வாக்கியம். நாங்கள் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டைப் பற்றித் தமிழில் சொல்லச் சொன்னோம். அதை அவர்கள் கண் முன்பே எளிய ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதினோம். தான் சொன்னதையே குழந்தை படிப்பதால் பொருள் முன்பே தெரியும். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை மட்டும் பிடித்தால் போதும். சூளைத் தொழிலாளியின் மகள் ‘மை ஃபாதர் மேக்ஸ் பிரிக்ஸ்’ என்று படித்தாள். பிறகு எங்களைக் கேட்காமலே ‘பிக் ஹவுஸ், ஸ்மால் ஹவுஸ்’ என்று கீழே எழுதினாள். யாருடைய வீடு பெரியது, யாருடையது சிறியது என்று கேட்டோம். தமிழில் நெடுநேரம் சொன்னாள்.

தந்தையின் தொழிலை வகுப்பில் எழுதச் சொல்வதில் ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. காலனிக்குள் பெருமையாக இருக்கும் ஒன்று, கலப்பு வகுப்பறையில் சாதியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிடும். துப்புரவுப் பணியாளரின் பிள்ளை எதை எழுதுவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அம்மாவின் குழம்பைப் பற்றியோ, வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றியோ எழுதினாலும் அதுவும் அவர்களுடைய வாழ்க்கைதான்.

ஆசிரியரை மட்டும் குற்றவாளியாக்காமல்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. ஐந்து வகுப்புகள், ஐந்து பாடங்கள், இரண்டு பேர். ஒருவர் விடுப்பில் போனால் ஒருவர். அவரும் தமிழ் வழியில் படித்து, ஆங்கிலம் பேச வாய்ப்பின்றி, பேசக் கூச்சப்படுகிறவராக இருக்கலாம். தமிழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறைக்கு வெளியே தனித் துறையின்கீழ் இயங்குகின்றன; இரு துறைகளுக்கு இடையே யார் பொறுப்பு என்று கேட்டு அலைந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆடல், பாடல், செயல்பாடு ஆகியவற்றைத் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. திசை சரியானது. பதிவேடுகளையும் செயலிப் பதிவுகளையும் நிரப்புவதிலேயே நேரம் போகிறது என்னும் ஆசிரியர்களின் குறைக்கும் அரசு செவிசாய்க்க வேண்டும்.

ஆகவே சண்டை ஆசிரியரோடு அன்று. ஆனால் சட்டம் அவரிடமும் சிலவற்றைக் கேட்கிறது. பிரிவு 24, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலை அளிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. பெற்றோரை அழைத்துப் பிள்ளையின் முன்னேற்றத்தைத் தெரிவிக்கவும் சொல்கிறது. ‘என் மகள் நான்காம் வகுப்பு, ஓர் ஆங்கிலச் சொல்லும் படிக்கவில்லை, அவளுக்கு என்ன கூடுதல் பயிற்சி அளித்தீர்கள்?’ என்று கேட்க ஒவ்வொரு தாய்க்கும் சட்டப்படி உரிமை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பின்தங்கிய பிரிவினருக்கு விகிதப்படி இடம் வேண்டும். பல ஊர்களில் இந்த இடங்கள் காகிதத்தில் நிரம்பியிருக்கின்றன; சேரிப் பெண்ணின் கையெழுத்து இருக்கும், அவருக்குக் கூட்டம் நடந்ததே தெரியாது. தீர்மானப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குவதிலிருந்து தொடங்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் பிரிவு 32இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் முறையிடலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மேல்முறையீடும் உண்டு.

கல்லூரித் தோழர்களுக்கு ஒன்று. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மாலை வகுப்பு தொடங்க விரும்பினால், உங்கள் ஆங்கிலம் தடுமாறும் என்பதற்காகத் தயங்க வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வரையில் தேவைப்படுவது எளிய ஆங்கிலம். முதல் வாரம் தேர்வு வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு முப்பது நிமிடம் போதும்; ஆனால் தினமும் வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் நடத்துவதைவிட இது பயன் தரும். தெரியாத சொல்லைப் பிள்ளைகள் முன்பாகவே அகராதியில் தேடுங்கள். ‘அண்ணனுக்கும் தெரியாது, தேடினால் கிடைக்கும்’ என்று அவர்கள் பார்ப்பது பாடத்தைவிடப் பெரிது. நீங்கள் திரும்பிப் போன பிறகு யார் நடத்துவார் என்பதையும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வகுப்பு ஒருமுறை நின்றுபோனது அதனால்தான். மீண்டும் தொடங்கியபோது பிள்ளைகள் நம்ப மூன்று வாரம் ஆயிற்று. இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் இரு பெண் பிள்ளைகள், நாங்கள் வராத நாள்களில் கட்டளை ஆட்டத்தையும் கதை வாசிப்பையும் நடத்துகிறார்கள்.

கதை வாசிப்புக்குப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. எங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் இருக்கிறது: தலைமையாசிரியர் அறையில் பூட்டிய இரும்பு பீரோ. உள்ளே படங்களுடன் கூடிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருப்பதைக் கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கிழிந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்பது பள்ளியின் அச்சம். அதிலும் நியாயம் இல்லாமலில்லை. சென்ற மாத மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் சூளைத் தொழிலாளியின் மனைவி சென்றார். வாரத்தில் மூன்று நாள் பீரோவைத் திறக்க வேண்டும், கிழியும் புத்தகத்துக்குக் குழுவே பொறுப்பு என்று தீர்மானம் எழுதச் சொன்னார். எழுதினார்கள். கீழே கைநாட்டு வைக்க மை நீட்டியபோது, அவர் பேனாவைக் கேட்டு வாங்கித் தன் பெயரைத் தமிழில் எழுதினார். பீரோவின் சாவி இப்போது திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் நான்காம் வகுப்பு மேசை மீது இருக்கிறது.